99.2% இரத்தப் புரதத்தில் ஒட்டுகிறது: காம்பவுண்டைக் கைவிட வேண்டியதுதானா?

பிப்பெட்டும் நானும் எழுதியது:

வணக்கம். புலம்பலும் கலந்த கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். எச்ஐவியின் புரோட்டியேஸ் என்சைமைத் தடுக்கும் மூலக்கூறுகளில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். செய்ததில் பதினேழாவது மட்டும் உருப்படியாக வந்தது. 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்) போட்ட வழக்கமான செல் வளர்ப்பில் ஈசி50, அதாவது வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு, 6 நானோமோலார். அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் அதே சோதனையை 50% மனித சீரம் கலந்து செய்தால் 250 நானோமோலார். நாற்பது மடங்குக்கு மேல் சரிவு. சமோசா காசு வீண்.

சரி, எவ்வளவுதான் ஒட்டுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஈக்விலிப்ரியம் டயாலிசிஸ் வைத்தேன், புரதம் தாண்டாத சவ்வுக்கு ஒரு பக்கம் பிளாஸ்மா, மறு பக்கம் பஃபர். மருந்து 1 மைக்ரோமோலார், 37 டிகிரி, 6 மணி நேரம். மனித பிளாஸ்மாவில் 99.2% ஒட்டியிருக்கிறது. ஆனால் பிளாஸ்மாவுக்குப் பதிலாகச் சுத்தமான ஆல்புமினை லிட்டருக்கு 40 கிராம் கணக்கில் கரைத்து வைத்தால் 90% தான் வருகிறது. இரத்தத்தில் மருந்தைப் பிடித்து வைப்பது ஆல்புமின் என்றுதானே படித்தோம்? மிச்சத்தைப் பிடிப்பது யார்?

கைடு சொல்வது, "நூறில் ஒன்று கூட வெளியே இல்லை, இதை வைத்துக்கொண்டு வைரஸை என்ன செய்யப் போகிறாய், அடுத்ததைப் பார்." அவர் சொல்வது சரியா? இல்லை, ஏதாவது வழி இருக்கிறதா?


பழைய புளி எழுதியது:

உங்கள் மூலக்கூறில் பிப்பரிடின், பிப்பரசின் மாதிரி காரத்தன்மையுள்ள நைட்ரஜன் ஒன்று இருக்குமே? இருந்தால் பிடிப்பவர் ஆல்பா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீன். நாங்கள் ஏஏஜி என்போம், பழைய புத்தகங்களில் ஓரோசோமியூகாய்டு என்று இருக்கும்.

சதவீதத்தை மறந்துவிட்டு, ஒட்டியதற்கும் ஒட்டாததற்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். ஆல்புமினில் 90க்கு 10, அதாவது 9. பிளாஸ்மாவில் 99.2க்கு 0.8, அதாவது 124. 9ஐக் கழித்தால் 115 வேறு யாருடைய கணக்கிலோ இருக்கிறது. ஆல்புமின் இரத்தத்தில் ஏறக்குறைய 600 மைக்ரோமோலார் இருக்கிறது, ஏஏஜி வெறும் 10லிருந்து 20. அவ்வளவு சின்னக் கூட்டம் இவ்வளவு பிடிக்கிறது என்றால் பிடி இறுக்கமானது. 15 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கேடி (சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம் என்று காட்டும் எண்) 0.13 மைக்ரோமோலார் வருகிறது. இது ஊகம்தான், ஆனால் சுத்தமான ஏஏஜி கொஞ்சம் வாங்கி வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

புரோட்டியேஸ் தடுப்பான்களில் இது பழைய காயம். 1990களில் சர்ல் நிறுவனத்தின் எஸ்சி-52151, டெலினாவிர் என்றும் பெயர், குடுவையில் அருமையாக வேலை செய்தது. நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், இரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாகத்தான் தெரிந்தது, வைரஸ் மட்டும் அசையவில்லை. பிறகு பார்த்தால் ஏஏஜி அதை அள்ளி வைத்துக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அபோட்டின் ஏ-77003 என்ற தடுப்பானுக்கும் ஏஏஜி சேர்த்தால் ஆற்றல் குறைவதை 1995ல் எழுதினார்கள். ஆகவே உங்கள் கைடு வெறும் பயத்தில் பேசவில்லை. ஆனால் அதற்காக அவர் போட்ட கணக்கு சரி என்றும் சொல்ல மாட்டேன்.


கார்பன் வளையம் எழுதியது:

நான் கைடு கட்சி. மருந்து வேதியியல்காரன் பார்வையில் சொல்கிறேன், 99.2 என்பது கொழுப்பு விரும்பும் மூலக்கூறின் அடையாளம். ஒரு ஹைட்ராக்சில், ஒரு பிரிடின் நைட்ரஜன், எங்காவது சேர்த்து லாக்-பி-யை, அதாவது கொழுப்பு விரும்பும் அளவை, இரண்டு புள்ளி இறக்கினால் பிணைப்பு 90க்கு வந்துவிடும், கட்டற்ற (புரதத்தில் ஒட்டாத) மருந்து பன்னிரண்டு மடங்கு ஏறும். இண்டினாவிர் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் 60% தான் ஒட்டும், அது வேலை செய்யவில்லையா? பதினெட்டாவதைச் செய்யுங்கள்.


பழைய புளி எழுதியது:

வளையம், இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். குடுவைக்குள் நீங்கள் சொல்வது சரி. உடம்பு மூடின குடுவை இல்லையே. கல்லீரலும் கட்டற்ற மருந்தைத்தான் எடுத்துச் சிதைக்கிறது. ஒட்டுவதைக் குறைத்தால் வைரஸுக்குக் கிடைப்பது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கல்லீரலுக்கும் கூடும், மொத்த அளவு மளமளவென்று இறங்கும், கடைசியில் கட்டற்ற அளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வாய்வழி மாத்திரையாகக் கொடுத்து கல்லீரலில் சிதையும் மருந்துக்கு, நாள் முழுக்கக் கிடைக்கும் கட்டற்ற அளவைத் தீர்மானிப்பது இரண்டே: எவ்வளவு உள்ளே போகிறது, கல்லீரலின் என்சைம்கள் அதை எவ்வளவு வேகமாகக் கடிக்கின்றன. அந்தச் சூத்திரத்தில் புரதப் பிணைப்புக்கு இடமே இல்லை. நானும் இதை நம்பாமல் ஒரு முழு வருடம் பிணைப்பைக் குறைத்துக் குறைத்து மூலக்கூறு செய்தேன். எலியில் கட்டற்ற அளவு ஒன்றுக்கும் மாறவில்லை. அந்த வருடம் போனது போனதுதான்.

இண்டினாவிரை இழுத்தீர்கள், அதை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், சிறுநீரகக் கல் வராமல் இருக்க லிட்டர் கணக்கில் தண்ணீரோடு விழுங்க வேண்டியிருந்தது. குறைவாக ஒட்டியதால் வாழ்க்கை சுலபமாகிவிடவில்லை.

இன்னொன்று. அதே வகையில் ரிட்டோனாவிரும் லோப்பினாவிரும் இரண்டுமே 98, 99% ஒட்டுபவை. ஆனால் 50% மனித சீரத்தில் லோப்பினாவிருக்குச் சுமார் பத்து மடங்கு ஆற்றல் அதிகம். சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. அதை உருவாக்கியவர்கள் சீரம் கலந்த சோதனையைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள், பிணைப்பு சதவீதத்தைத் துரத்தவில்லை.


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

நான் மருத்துவர், லேப் பக்கம் வருவதில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் தினமும் கொடுக்கிற டிஎல்டி மாத்திரையே நல்ல உதாரணம். ஒரே மாத்திரையில் மூன்று மருந்து. டெனோஃபோவிர் பிளாஸ்மாவில் 1% கூட ஒட்டாது. லாமிவுடின் 36%க்குக் கீழே. டோலுடெக்ராவிர் ஏறக்குறைய 99%. மூன்றும் ஒரே இரத்தத்தில் ஓடுகின்றன, மூன்றும் வேலை செய்கின்றன. முதல் இரண்டும் தண்ணீரில் கரையும் சின்ன நியூக்ளியோசைடு வகை, செல்லுக்குள் போய் பாஸ்பேட் ஏற்றிக்கொண்ட பிறகுதான் ஆயுதமாகின்றன, அதனால் அவற்றின் பிளாஸ்மா அளவுக்கே பெரிய அர்த்தம் இல்லை.

டோலுடெக்ராவிரைப் பாருங்கள். புரதப் பிணைப்பைச் சேர்த்துக் கணக்கிட்ட ஐசி90, அதாவது வைரஸை 90% தடுக்கும் அளவு, மில்லிக்கு 0.064 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் கொடுத்தால், அடுத்த மாத்திரைக்கு முன்னால் இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் குறைந்தபட்ச அளவு சுமார் 1.1. பதினேழு மடங்கு. ஒரு வேளை மறந்தாலும் தாங்குவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். 99% என்று கேட்டவுடன் அதைக் குப்பையில் போட்டிருந்தால் இன்றைக்கு என் ஓபியில் பாதிப் பேருக்கு என்ன கொடுப்பது?


வேடிக்கை பார்ப்பவன் எழுதியது:

குறுக்கே புகுந்து கேட்கிறேன், நான் கணினித் துறை. ஒட்டிக்கொண்டது என்றால் பசை போட்ட மாதிரி அப்படியே போய்விடுமா, திரும்ப வராதா? அப்புறம் கோவிட் சமயத்தில் ஐவர்மெக்டின் குடுவையில் வைரஸைக் கொன்றது என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்ததே, அதுவும் இந்தக் கதைதானா?


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

திரும்ப வரும், நொடிக்கு நொடி. ஆல்புமினை டவுன் பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கடையில் சாமான் வாங்க முடியாது, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுவதும் இறங்குவதும் நடந்துகொண்டே இருக்கும். தெருவில் நிற்கும் கூட்டம் குறைந்தால் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். வைரஸ் இருக்கிற செல்லுக்குள் போகக்கூடியது தெருவில் நிற்கும் கூட்டம் மட்டும்தான்.

ஐவர்மெக்டின் விஷயத்தில் பிணைப்பு வரைக்கும் போக வேண்டியதே இல்லை. 2020ல் ஆஸ்திரேலியாவில் குடுவைச் சோதனைக்குப் போட்டது 5 மைக்ரோமோலார். வழக்கமான டோஸ் சாப்பிட்டால் இரத்தத்தில் உச்சமே 0.1 மைக்ரோமோலாரைத் தொடாது, அதிலும் 93% ஒட்டியிருக்கும்.

உங்கள் கேள்விக்குச் சரியான உதாரணம் லோப்பினாவிர்தான். கோவிட் நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் அழற்சி, கல்லீரல் அந்த மருந்தைச் சிதைப்பது மந்தமாகிறது, ஏஏஜியும் ஏறிவிடுகிறது. அளந்து பார்த்தவர்களுக்கு மொத்த அளவு எச்ஐவி நோயாளிகளைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது, குடுவையில் தேவைப்பட்ட அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று சிலருக்கு நம்பிக்கை கூட வந்தது. ஆனால் அதில் கட்டற்றது நூறில் ஒன்று, இரண்டுதான். பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் 1,616 பேருக்கு லோப்பினாவிர்-ரிட்டோனாவிர் கொடுத்தார்கள், 3,424 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் இறப்பு 23%, 22%. பலன் இல்லை.


சவ்வும் சல்லடையும் எழுதியது:

எல்லோரும் 99.2ஐ வேதவாக்காக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அந்த எண்ணை முதலில் சோதிக்க வேண்டாமா? பிணைப்பு அளக்கிற வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

99.2க்கும் 99.6க்கும் பார்க்க வித்தியாசம் இல்லை. கட்டற்றதாகப் பார்த்தால் 0.8க்கும் 0.4க்கும், இரண்டு மடங்கு. அந்த 0.8ஐ நீங்கள் பஃபர் பக்கத்தில் அளக்கிறீர்கள், 1 மைக்ரோமோலார் போட்டால் அங்கே வருவது 8 நானோமோலார், அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் போச்சு. போட்ட மருந்தில் கடைசியில் மொத்தம் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று எழுதவே இல்லையே நீங்கள். இவ்வளவு இறுக்கமாக ஒட்டும் மருந்துக்கு 6 மணி நேரத்தில் சமநிலை வந்துவிட்டதா என்பதும் சந்தேகம்தான், வராமல் நிறுத்தினால் ஒட்டல் நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும். பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்த்து அளந்து, பிறகு கணக்கில் திருப்பி ஏற்றுவது ஒரு வழி. ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடுகிற ஏஏஜி நடுவில் இருந்தால் அந்தக் கணக்கும் சறுக்கும், மருந்தையும் அதே அளவுக்குக் குறைத்துப் போட வேண்டும்.

பிஎச் பார்த்தீர்களா? பிளாஸ்மாவைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 7.4லிருந்து 8 பக்கம் ஏறிவிடும். காரத்தன்மையுள்ள மருந்துக்கு அதனாலேயே பிணைப்பு மாறும். 5, 10% கார்பன் டை ஆக்சைடு இருக்கிற இன்குபேட்டரில் வையுங்கள், முடிந்ததும் கிணறு கிணறாக பிஎச் பாருங்கள்.

ஏஏஜி சந்தேகத்துக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அது 15 மைக்ரோமோலார்தான் இருக்கிறது என்றால் சீக்கிரம் இடம் நிரம்பிவிடும். 1, 5, 20 மைக்ரோமோலாரில் வைத்துப் பாருங்கள். ஆல்புமின்தான் காரணம் என்றால் மூன்றிலும் ஒரே சதவீதம் வரும், ஏஏஜி என்றால் 20ல் உடைந்து தெரியும்.

ஆல்புமினில் இருக்கும் டிரிப்டோஃபான் 214 என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு குறைவதை வைத்து ஆல்புமின் பிணைப்பு கண்டுபிடித்தேன் என்று மட்டும் தயவுசெய்து வந்துவிடாதீர்கள். அந்த வகைக் கட்டுரை வருடத்துக்கு எத்தனையோ வருகிறது, பாதியில் மருந்தே அந்த ஒளியை விழுங்குவதைத் திருத்தக் கூட மாட்டார்கள், போதாததற்கு மாட்டு ஆல்புமினில் செய்துவிட்டு மனித இரத்தத்தைப் பற்றி முடிவுரை எழுதுவார்கள். மாட்டினுடையதில் டிரிப்டோஃபான் இரண்டு, மனிதனுடையதில் ஒன்று. சரி, என் வயிற்றெரிச்சலை விடுங்கள்.


பழைய புளி எழுதியது:

சவ்வு சொன்னதை முதலில் செய்யுங்கள். இருக்கிற எண்களை வைத்து நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 50% சீரத்தில் விகிதம் பாதியாகி 62, ஆக 63ல் ஒரு பங்கு கட்டற்றது. 250ஐ 63ஆல் வகுத்தால் 4 நானோமோலார். எஃப்பிஎஸ்ஸில் வந்த 6க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த 10% எஃப்பிஎஸ்ஸும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும் அல்லவா. அதாவது உங்கள் மூலக்கூறின் ஆற்றல் எங்கேயும் போகவில்லை, சீரத்திலும் அதே 4 நானோமோலார் கட்டற்ற அளவில்தான் வைரஸைத் தடுக்கிறது. இரண்டு தனித்தனி சோதனை இப்படி ஒத்துப்போவது நல்ல சகுனம்.

முழுப் பிளாஸ்மாவில் 4 பெருக்கல் 125, 500 நானோமோலார் மொத்தம் தேவை. மூலக்கூறு எடை 600 என்று வைத்தால் மில்லிக்கு 0.3 மைக்ரோகிராம். புரோட்டியேஸ் தடுப்பான்களின் டோஸ் வளைவு செங்குத்தாக ஏறும், அதனால் 90% தடுக்க மூன்று மடங்கு போதும் என்று வைத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய 1. லோப்பினாவிரின் குறைந்தபட்ச அளவே 5க்கு மேல் நிற்கிறது. ஆக 1 என்பது எட்ட முடியாத உயரம் இல்லை. மனிதக் கல்லீரல் மைக்ரோசோமில் (மருந்தைச் சிதைக்கும் என்சைம்கள் உள்ள கல்லீரல் செல் துணுக்குகள்) போட்டு எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். டெலினாவிரின் பாடமும் இதுதான், ஒட்டியதற்காக அது விழவில்லை, ஒட்டியதைக் கணக்கில் சேர்க்காமல் மொத்த அளவைப் பார்த்துப் போதும் என்று நினைத்ததில் விழுந்தது.


கார்பன் வளையம் எழுதியது:

கல்லீரல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஏஜி ஆளுக்கு ஆள் மாறுமே? தொற்று வந்தால் இரண்டு, மூன்று மடங்கு ஏறும் என்கிறார்கள். மருந்து தேவைப்படுகிற நேரத்தில் பிடித்து வைக்கிற புரதமும் ஏறினால்?


வார்டு ரவுண்ட்ஸ் எழுதியது:

ஏறும், அப்போது மொத்த அளவும் சேர்ந்தே ஏறும், கட்டற்றது பெரிதாக மாறாது, பழைய புளி சொன்ன அதே காரணம். மாறுவது லேப் ரிப்போர்ட்டின் அர்த்தம்தான். எங்களுக்கு இது வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினில் பழக்கம். ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு மொத்த அளவு குறைவாகத் தெரியும், பதறிப்போய் டோஸை ஏற்றினால் தள்ளாடிக்கொண்டு வருவார், கட்டற்ற அளவு முதலிலேயே சரியாக இருந்திருக்கும். எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தும் இப்படித்தான் ஏமாற்றும். தண்டுவட நீரில் பிளாஸ்மாவில் இருப்பதில் அரை சதவீதம்தான் இருக்கிறது என்று பயந்தார்கள், அங்கே புரதம் மிகக் குறைவு, அதனால் இருக்கிற அரை சதவீதத்தில் கட்டற்ற பங்கு பிளாஸ்மாவைவிட மிக அதிகம், வைரஸைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது.

ஒட்டுவதை வேண்டுமென்றே செய்ததும் உண்டு. என்ஃபுவிர்டைடு என்ற எச்ஐவி மருந்து தினம் இரண்டு ஊசி. அதே வகைப் பெப்டைடில் ஆல்புமினோடு வேதிப் பிணைப்பாகவே மாட்டிக்கொள்ளும் கொக்கி ஒன்றை வைத்து ஆல்புவிர்டைடு செய்தார்கள். ஆல்புமின் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவான அரை ஆயுள் உள்ளது, அதன் தோளில் ஏறிக்கொண்டதால் வாரம் ஒரு ஊசி போதும். சீனாவில் 2018ல் அனுமதி கிடைத்தது.


பிப்பெட்டும் நானும் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நைட்ரஜன் இருக்கிறது, பிப்பரிடின். பிஎச் முன்பு 7.9 வரை ஏறியிருந்தது, சவ்வு அவர்களே, வெட்கமாக இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் வைத்து, நேரத்தையும் நீட்டித் திரும்பச் செய்தேன். 1 மைக்ரோமோலாரில் 99.1, 5ல் 98.9, 20ல் 96.3. ஆல்புமினோடு லிட்டருக்கு 0.7 கிராம் ஏஏஜி சேர்த்தால் 99.0. ஆக பழைய புளி அண்ணன் முதல் வரியிலேயே பிடித்துவிட்டார்.

கைடிடம் விகிதக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "மைக்ரோசோம் முடிவு வரட்டும்" என்றார், அவரிடமிருந்து இது பெரிய விஷயம். எலி பிளாஸ்மாவிலும் போட்டுப் பார்த்தேன், அங்கே 93% தான் ஒட்டுகிறது. அடுத்த மாதம் எலியில் கொடுத்து அரை ஆயுள் பார்க்கலாம் என்று இருக்கிறோம், அதிலிருந்து மனித டோஸைக் கணிக்கலாம் அல்லவா?


பழைய புளி எழுதியது:

ஐயோ, அப்படியே தூக்கி வைக்காதீர்கள். யுசிஎன்-01 என்று ஒரு புற்றுநோய் மருந்து இருந்தது, தேடிப் பாருங்கள். எலியிலும் நாயிலும் அரை ஆயுள் சில மணி நேரம்தான். மனிதருக்குக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான மணி நேரம் இரத்தத்திலேயே உட்கார்ந்திருந்தது, மனித ஏஏஜி மட்டும் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது. எலிப் பிளாஸ்மாவின் கட்டற்ற பங்கை எலிக் கணக்கிலும் மனிதப் பிளாஸ்மாவின் கட்டற்ற பங்கை மனிதக் கணக்கிலும் தனித்தனியாகப் போட்டுவிட்டு, எண்களோடு இங்கேயே வாருங்கள்.